ராயல்டி: பூஜ்யம்

ஷேக்ஸ்பியர் 1616 மார்ச் மாதம், சாவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு, தன் உயிலில் கையெழுத்துப் போட்டார். வாசித்துப் பார்த்தால் நம்மூர்ப் பாகப்பிரிவினைப் பத்திரம் மாதிரியேதான் இருக்கும். ஸ்ட்ராட்ஃபோர்டில் இருந்த வீடும் நிலபுலன்களும் மூத்த மகள் சூசன்னாவுக்கு. இளையவள் ஜூடித்துக்கு ரொக்கம், கூடவே முலாம் பூசிய ஒரு வெள்ளிக் கிண்ணம். ஊர்க்காரர் ஒருவருக்குத் தன் வாள். மனைவிக்கு, வீட்டிலிருந்த கட்டில்களில் இரண்டாவது நல்ல கட்டில். கூட நடித்த மூன்று பேருக்கு, நினைவு மோதிரம் வாங்கிக்கொள்ள ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ்.

நாடகங்கள் அதில் இல்லை. ஹாம்லெட் யாருக்கு, லியர் யாருக்கு என்று ஒரு வரிகூடக் கிடையாது.

மனுஷன் மறந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அவை அவருடைய சொத்தே இல்லை. அந்தக் காலத்து லண்டனில் நாடகம் எழுதுகிறவர் பிரதியைக் கம்பெனிக்கு விற்றுவிடுவார். ஒரு நாடகத்துக்கு ஆறு பவுண்ட் அளவில் கிடைக்கும். அதோடு கதை முடிந்தது. அதற்குப் பிறகு நூறு தடவை போட்டாலும் எழுதியவருக்கு எதுவும் வராது. அப்படியே வாழ்ந்து கடனாளியாகச் செத்த நாடகாசிரியர்கள் அந்த ஊரில் உண்டு.

ஷேக்ஸ்பியர் சம்பாதித்தது வேறு வழியில். அவர் நடிகர், கம்பெனியில் பங்குதாரர், 1599இல் கட்டிய குளோப் அரங்கிலும் பங்குதாரர். வாசலில் விழுகிற பென்னிகளில் அவருக்குப் பங்கு இருந்தது. அந்தப் பணத்தில்தான் 1602இல் சொந்த ஊரில் 107 ஏக்கர் நிலம் 320 பவுண்டுக்கு வாங்கினார். 1605இல் இன்னொரு 440 பவுண்ட் போட்டு, சுற்றுவட்டாரத்து விளைச்சல் வரியில் ஒரு பங்கை வாங்கினார். எழுத்தை நம்பி அவர் வாழவில்லை, வசூலை நம்பி வாழ்ந்தார். இந்த விஷயம் கட்டுரையின் கடைசியில் எனக்கு வேண்டும், அதனால் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

*

மதுரையில் நாங்கள் எட்டுப் பேர் ஒரு நாடகக் குழு வைத்திருக்கிறோம். குழு என்று சொல்வது கொஞ்சம் பெரிய வார்த்தை. ஒரு மொட்டை மாடி, இரண்டு ட்யூப்லைட், சனி ஞாயிறு சாயங்காலம், அவ்வளவுதான். இரண்டு வருடம் முன்பு மாக்பெத் போட்டோம். ஸ்காட்லாந்து ராஜா எங்களிடம் மினிபஸ் முதலாளி ஆனார். மாக்பெத் அவரிடம் பதினைந்து வருடம் விசுவாசமாக இருந்த மேனேஜர். மூன்று சூனியக்காரிகள், மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் விடிகாலையில் மல்லிகை கட்டிக்கொண்டிருக்கும் மூன்று பெண்கள். அவர்கள் கைபாட்டுக்குப் பூ கட்டிக்கொண்டிருக்கும், வாய்பாட்டுக்கு “என்ன மேனேஜரே, எப்ப முதலாளி ஆகப்போறீக?” என்று கேட்கும். சிரிப்போடு ஆரம்பித்த அந்தக் காட்சியில் பார்வையாளர்கள் மெல்ல மெல்ல அமைதியானது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நாடகம் முடிந்த மறுநாள் கணக்கு எழுதினோம். நோட்டில் அப்படியே இருக்கிறது:

மண்டப வாடகை 6,000
லைட், சவுண்ட் 8,500
வேன் 2,200
டீ, சாப்பாடு 3,140
ராயல்டி 0

மொத்தம் 19,840 ரூபாய். டிக்கெட் வசூலும் உண்டியலும் சேர்த்து 16,560. துண்டு விழுந்தது 3,280. அதை எட்டாகப் பிரித்து ஆளுக்கு 410 போட்டோம்.

அந்த ‘ராயல்டி 0’ என்ற வரியை எழுதியது நான்தான். எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அதற்கு முந்தின வருடம் ஒரு நவீன எழுத்தாளரின் கதையை நாடகமாக்க ஆசைப்பட்டு, உரிமை வைத்திருக்கும் குடும்பத்திடம் போயிருந்தோம். அவர்கள் ஒரு தொகை சொன்னார்கள், ஒவ்வொரு காட்சிக்கும் தனித்தனியாக. கேட்டது நியாயம்தான். அந்த எழுத்தாளர் உயிரோடு இருந்தபோது அவருக்கு யாரும் எதுவும் கொடுத்ததில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனாலும் எங்கள் மொத்த பட்ஜெட்டைவிட அது கூடுதல். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம். அதனால் அடுத்த வருடம் அந்தப் பூஜ்யத்தை எழுதும்போது ஒரு சந்தோஷம். உலகத்திலேயே பெரிய நாடகாசிரியன், நமக்கு இலவசம்!

அந்தப் பூஜ்யத்துக்கு உண்மையில் என்ன மதிப்பு என்று அதற்குப் பிறகு யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஷேக்ஸ்பியர் யாருக்கும் சொந்தமில்லை. அவர் பெயரைச் சுற்றி ஓடும் பணமோ கொஞ்ச நஞ்சமில்லை. இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும்?

*

முதலில் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

உயிலில் மோதிரக் காசு வாங்கிய மூன்று நடிகர்களில் ஜான் ஹெமிங்ஸ், ஹென்றி காண்டெல் என்று இருவர். ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு வருடம் கழித்து, 1623இல், நண்பனின் 36 நாடகங்களைத் தொகுத்து ஒரே பெரிய புத்தகமாக வெளிவரச் செய்தார்கள். அதைத்தான் முதல் ஃபோலியோ என்கிறோம். அந்த 36இல் 18 நாடகங்கள் அதுவரை அச்சே ஏறாதவை. மாக்பெத் அதில் ஒன்று. ஜூலியஸ் சீசர், டெம்பெஸ்ட், ட்வெல்ஃப்த் நைட் எல்லாம் அந்தப் பட்டியலில்தான் வரும். அந்த இரண்டு நடிகர்களும் சோம்பலாக இருந்திருந்தால் எங்கள் மினிபஸ் மேனேஜர் பிறந்தே இருக்கமாட்டார்.

சுமார் 750 பிரதிகள் அச்சாகியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. இன்று சுமார் 235 பிரதிகள் இருக்கின்றன. அவற்றில் 82 ஒரே கட்டடத்தில், அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், ஃபோல்ஜர் நூலகத்தில். ஹென்றி ஃபோல்ஜர் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியின் பெரிய தலை. மண்ணெண்ணெயில் சம்பாதித்ததை இந்தப் புத்தகத்தில் கொட்டினார்.

ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்துக் கதை இன்னும் சுவாரஸ்யம். 1623இல் வெளியான கையோடு அவர்களுக்கு ஒரு பிரதி வந்தது. பைண்டு செய்து, சங்கிலி போட்டு, அலமாரியில் வைத்தார்கள். 1664 வாக்கில் மூன்றாம் ஃபோலியோ வந்ததும், புதுப் பதிப்பு வந்துவிட்டதே, பழசு எதற்கு என்று அதைத் தள்ளிவிட்டார்கள். 1905இல் ஒரு மாணவன், வீட்டில் கிடந்த பழைய புத்தகத்தின் பைண்டிங் பற்றிக் கேட்பதற்காக அதே நூலகத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு வருகிறான். பார்த்தால், இவர்கள் விற்ற அதே பிரதி! வாங்குவதற்கு ஃபோல்ஜர் 3,000 பவுண்ட் தருவதாக நின்றார். ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் பொதுமக்களிடம் வசூல் செய்து 1906இல் அதே தொகையைக் கட்டி மீட்டார்கள்.

அந்தப் பிரதியில் எனக்குப் பிடித்த விஷயம் விலை அல்ல. நாற்பது வருடம் மாணவர்கள் புரட்டிப் புரட்டித் தேய்ந்த தாள்கள். எந்த நாடகம் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். ரோமியோ ஜூலியட். அதிலும் அந்த மாடிக் காட்சிக்கு எதிர்ப்பக்கம்தான் ரொம்ப மோசம். யாரோ ஒரு பையன் முழங்கையை ஊன்றிக்கொண்டு எதிர்ப்பக்கத்தைப் படித்திருக்கிறான். நானூறு வருடம் முந்தின பையன். நம் ஆள்.

இனி 2020 அக்டோபருக்கு வருவோம். கொரோனாக் காலம். கலிஃபோர்னியாவில் மில்ஸ் கல்லூரி பணமுடையில் இருந்தது. தன்னிடமிருந்த முதல் ஃபோலியோவை நியூயார்க்கில் கிறிஸ்டிஸ் ஏலத்துக்குக் கொடுத்தது. 99 லட்சத்து 78 ஆயிரம் டாலருக்குப் போனது. கிட்டத்தட்ட ஒரு கோடி டாலர்.

அதே மாதம் லண்டனில் குளோப் அரங்கம் மூடிக் கிடந்தது. பழைய குளோப் பதினேழாம் நூற்றாண்டிலேயே போய்விட்டது. இப்போதிருப்பது சாம் வானமேக்கர் என்ற அமெரிக்க நடிகர் பல வருடம் அலைந்து உருவாக்கி, அவர் இறந்த பிறகு 1997இல் திறந்தது. அரசின் நிரந்தர மானியம் இல்லாமல், டிக்கெட்டிலும் பார்வையாளர்களிடமும் ஓடுகிற இடம். நடுவில் 700 பேர் நின்று பார்க்கலாம், அந்த நின்று பார்க்கும் டிக்கெட் பல வருடங்கள் வெறும் ஐந்து பவுண்டாகவே இருந்தது. ஊரடங்கில் வசூல் நின்றதும், உதவி வராவிட்டால் நிரந்தரமாக மூட வேண்டிவரும் என்று சொன்னார்கள். அக்டோபரில் அரசின் கொரோனாக் கால நிதியிலிருந்து கிட்டத்தட்ட 30 லட்சம் பவுண்ட் கிடைத்தது. தப்பித்தது.

இரண்டு செய்தியையும் ஒரே வாரம் முன்னே பின்னே படித்தேன். ஷேக்ஸ்பியரின் ஒரே ஒரு பழைய புத்தகம், அவர் நாடகத்தை உயிரோடு நடத்தும் அரங்கத்தைக் காப்பாற்றத் தேவைப்பட்டதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் விலை போனது. அந்தப் புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு வரியும் என் போனில் இலவசமாக இருக்கிறது. ஆக அந்தக் கோடி டாலர் எழுத்துக்கான விலை இல்லை. தாளுக்கான விலை. எழுத்துக்கு விலை வைக்க முடியாததால்தான் தாளுக்கு அவ்வளவு விலை என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. சொந்தம் கொண்டாட முடியாத ஒன்றை ஆசைப்படும்போது மனுஷன் பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதை வாங்கிவிடுகிறான்.

*

மரத்தைக்கூட வாங்குவான்.

ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் கடைசியாக வாழ்ந்த வீட்டின் பெயர் நியூ பிளேஸ். தோட்டத்தில் ஒரு மல்பெரி மரம், அவரே நட்டது என்று ஊரில் பேச்சு. 1750களில் அந்த வீடு பிரான்சிஸ் காஸ்ட்ரெல் என்ற பாதிரியார் கைக்கு வந்தது. மரத்தைப் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்கள் தொல்லை தாங்காமல் மனிதர் மரத்தை வெட்டிப் போட்டார். பிறகு ஊரோடு வரிச் சண்டை வேறு. 1759இல் வீட்டையே இடித்துத் தள்ளினார்.

வெட்டிய மரத்தை வாங்கியவர்களில் முக்கியமானவர் தாமஸ் ஷார்ப் என்ற கடிகாரக்காரர். அதில் சின்னப் பெட்டி, கிண்ணம், பொடி டப்பா எல்லாம் செதுக்கி விற்க ஆரம்பித்தார். நாற்பது வருடம் விற்றார். ஒரு மரத்திலிருந்து இவ்வளவு டப்பாவா என்று ஊர் சிரித்தது. 1799இல், கடைசிக் காலத்தில், எல்லாம் அந்த ஒரே மரம்தான் என்று பைபிள் சாட்சியாகச் சத்தியப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். ஷேக்ஸ்பியர் பெயரில் உலகம் முழுக்க இன்று விற்கிற காந்த ஸ்டிக்கர், காபிக் கோப்பை, ரப்பர் வாத்து எல்லாவற்றுக்கும் மூதாதை அந்தக் கடிகாரக்காரர்தான்.

1769இல் லண்டனின் மிகப் பெரிய நடிகர் டேவிட் கேரிக், ஸ்ட்ராட்ஃபோர்டில் மூன்று நாள் ஷேக்ஸ்பியர் விழா நடத்தினார். பாட்டு, விருந்து, வாணவேடிக்கை, குதிரைப் பந்தயம் எல்லாம் உண்டு. ஷேக்ஸ்பியர் நாடகம் மட்டும் ஒன்றுகூடக் கிடையாது. இரண்டாம் நாள் மழை கொட்டி ஏவான் ஆறு பெருக்கெடுத்தது, ஊர்வலம் ரத்தானது. கேரிக்குக்கு 2,000 பவுண்ட் அளவுக்கு நஷ்டம். ஆனால் மனிதர் கில்லாடி. அந்தச் சொதப்பலையே ‘தி ஜூபிலி’ என்று நாடகமாக்கி லண்டன் டிரூரி லேனில் போட்டார். தொண்ணூறு இரவுகளுக்கு மேல் ஓடியது. நஷ்டமெல்லாம் திரும்பி வந்தது.

1847இல் ஷேக்ஸ்பியர் பிறந்த வீடு ஏலத்துக்கு வந்தது. சர்க்கஸ் புகழ் பார்னம் அதைப் பெயர்த்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப் போகிறார் என்று செய்தி பரவியது. இங்கிலாந்து பதறியது. வசூல் செய்து 3,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். வீட்டுக்கும் 3,000, அறுபது வருடம் கழித்துப் புத்தகத்துக்கும் 3,000. இரண்டு தடவையும் அமெரிக்காக்காரன் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்ற பயம்தான் காசை வெளியே எடுக்க வைத்தது.

*

எழுத்தையும் சொந்தமாக்க முயன்றிருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் விட முடியாது.

பதினெட்டாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் லண்டனில் டான்சன் என்று ஒரு பதிப்பகக் குடும்பம், ஷேக்ஸ்பியரின் பதிப்புரிமை தங்களுடையது, அதுவும் நிரந்தரமாக, என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவர் இறந்து நூறு வருடம் ஆகிவிட்டது. குடும்பத்துக்கும் அவருக்கும் ஒட்டு இல்லை, உறவு இல்லை. முந்தின பதிப்பாளர்களிடமிருந்து கைமாறி வந்த உரிமை. பெரிய விலையில் பெரிய பதிப்புகள் போட்டார்கள். 1734இல் ராபர்ட் வாக்கர் என்பவர் ஒவ்வொரு நாடகத்தையும் தனித்தனியாக மலிவு விலையில் அடித்து விட்டார். டான்சன் விலைப் போரில் இறங்கி ஒரு நாடகத்தை ஒரு பென்னிக்கு விற்கும் நிலைக்கு வந்தார். யார் ஜெயித்தார்கள் என்பது இருக்கட்டும். வேலைக்காரன், தையல்காரன், கடைப் பையன் கையிலெல்லாம் ஷேக்ஸ்பியர் போய்ச் சேர்ந்தது அந்தச் சண்டையில்தான்.

நிரந்தர உரிமை என்ற வாதமே 1774இல் முடிந்தது. டொனால்ட்சன் என்ற எடின்பரோ புத்தக வியாபாரி போட்ட வழக்கில், பதிப்புரிமைக்குக் காலவரம்பு உண்டு என்று பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. வழக்கு ஷேக்ஸ்பியரைப் பற்றியது அல்ல, வேறொரு கவிஞரின் புத்தகத்தைப் பற்றியது. ஆனால் அந்தத் தீர்ப்பால் அதிகம் பயன்பட்டவர்களில் நாங்களும் உண்டு. என் நோட்டில் உள்ள பூஜ்யத்தின் பிறந்த தேதி 1774.

*

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி வரும். உலகத்தில் உரிமை முடிந்துபோன எழுத்தாளர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இலவசம் என்பதால் மட்டும் ஒருத்தர் உலக நாடகாசிரியர் ஆகிவிட முடியுமா?

முடியாது. கப்பல் வேண்டும், கல்விக்கூடம் வேண்டும், பரீட்சை வேண்டும். 1835இல் மெக்காலே, இந்தியாவில் சர்க்கார் பணம் ஆங்கிலக் கல்விக்கே என்று எழுதினார். 1855இல் ஐ.சி.எஸ். போட்டித் தேர்வு ஆரம்பித்தபோது ஆங்கில இலக்கியம் அதில் பெரிய பாடம். ஷேக்ஸ்பியர் தெரிந்தால் வேலை. கல்கத்தாவிலும் மதராஸிலும் பையன்கள் அவரை மனப்பாடம் செய்தது மாடிக் காட்சியின் அழகுக்காக மட்டும் இல்லை. எங்கள் மொட்டை மாடியில் மாக்பெத் வந்து நின்றதற்குப் பின்னால் ஒரு சாம்ராஜ்யம் இருக்கிறது. அதைத் தெரிந்தேதான் நாங்கள் அவரை எடுத்தோம்.

ஆனால் கொண்டுவந்தவன் நினைத்த மாதிரியே சரக்கு நடந்துகொள்ளும் என்று இல்லை. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கித் தானே நடித்தார். மாக்பெத் ‘மகபதி’ ஆனார். வெனிஸ் வணிகன் ‘வாணிபுர வணிகன்’ ஆனான். பெயரைப் பாருங்கள், சத்தம்கூட ஒட்டி வருகிறது. டென்மார்க் இளவரசனைத் தமிழ் இளவரசன் ஆக்க அவர் யாரிடமும் கேட்கவில்லை. பிறகு சினிமா. ‘தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ’ 1963இல் சிவாஜியும் பானுமதியும் நடித்த ‘அறிவாளி’ ஆனது. அதே வருடம் ‘ரத்தத் திலகம்’ படத்தில் சிவாஜி ஒத்தெல்லோவாக, ஆங்கிலத்திலேயே, வந்து நின்றார். 1970இல் ‘சொர்க்கம்’ படத்தில் சீசர் ஆனார். என் அப்பாவுக்கு ஷேக்ஸ்பியர் என்றால் சிவாஜிதான். புத்தகம் அவர் தொட்டதில்லை.

எனக்கு ஷேக்ஸ்பியர் ஜெராக்ஸ் நோட்ஸில் வந்தார். சின்ன ஊர்க் கல்லூரியில் பி.ஏ. இங்கிலீஷ். மூலப் புத்தகத்தை வகுப்பில் மூன்று பேர் வைத்திருந்தோம். மற்றவர்கள் எல்லாருக்கும் சுருக்கம், ‘எஸ்ஸே’, பாத்திரக் குறிப்பு. இந்த வியாபாரத்துக்கும் வரலாறு உண்டு. 1958இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கிளிஃப்டன் ஹில்லகாஸ் என்பவர் கடன் வாங்கி ‘கிளிஃப்ஸ் நோட்ஸ்’ ஆரம்பித்தபோது முதலில் போட்டது 16 ஷேக்ஸ்பியர் நாடகங்களின் நோட்ஸைத்தான். ஷேக்ஸ்பியர் புரியவில்லை என்பதே உலகம் முழுக்க ஒரு தொழில். அதைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடை அண்ணன் அந்தத் தொழிலில்தான் தங்கைக்குக் கல்யாணம் முடித்தார்.

*

இந்தச் சொந்தம் கொண்டாடுதலில் நான் மதிக்கிற ஒன்று ராபன் தீவில் நடந்தது. தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக் காலச் சிறை. 1970களில் சன்னி வெங்கட்ரத்னம் என்ற இந்திய வம்சாவளிக் கைதியிடம் ஷேக்ஸ்பியரின் முழுத் தொகுப்பு ஒன்று இருந்தது. காவலர்கள் பிடுங்கிவிடாமல் இருக்க, அட்டை முழுக்கத் தீபாவளி வாழ்த்து அட்டைகளை, சாமி படங்களை, ஒட்டிவைத்தார். கேட்டால் இது என் வேதப் புத்தகம் என்றார். அந்தப் புத்தகம் அறை அறையாகச் சுற்றியது. விடுதலையாகும் முன் சக கைதிகளிடம், உங்களுக்குப் பிடித்த இடத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்றார். முப்பது பேருக்கும் மேல் போட்டார்கள். நெல்சன் மண்டேலா 1977 டிசம்பர் 16 அன்று, ஜூலியஸ் சீசரில், சாவுக்கு அஞ்சுவதைப் பற்றிச் சீசர் பேசும் இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் புத்தகம் பின்னாளில் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. கடையில் வாங்கின சாதாரணப் பதிப்பு. அதற்கு மதிப்பைக் கொடுத்தது ஷேக்ஸ்பியர் மட்டுமா? ஒட்டின தீபாவளி அட்டை, பயந்து பயந்து கை மாற்றியது, ஓரத்தில் விழுந்த கையெழுத்து எல்லாம் சேர்ந்ததுதான் அதன் மதிப்பு. ஃபோலியோவைத் தொகுத்த இரண்டு நடிகர்கள், ஒரு பென்னிக்கு அடித்த அச்சுக்காரர், வானமேக்கர், பம்மல், எல்லாரும் இதையேதான் செய்தார்கள். பொதுக் கிணறு மாதிரி. தண்ணீர் யாருடையதும் இல்லை. ஆனால் யாராவது இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அது கிணறு. இல்லாவிட்டால் பாழுங்கிணறு.

*

இனி, ஆரம்பத்தில் சொல்லி வைத்த விஷயம்.

எங்கள் மாக்பெத்தை எழுதியது குழுவில் உள்ள ஓர் அக்கா. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். நான்கு மாதம், பரீட்சைப் பேப்பர் திருத்தி முடித்த பிறகு ராத்திரி உட்கார்ந்து எழுதினார். மினிபஸ்ஸும் பூக்கட்டும் பெண்களும் அவருடைய யோசனை. தூக்கத்தில் நடந்தபடி கை கழுவும் காட்சியில் மேனேஜர் மனைவி பேசும் மதுரைத் தமிழ் ஒவ்வொரு சொல்லும் அவருடையது.

போன வருடம் ஒரு கல்லூரியிலிருந்து கேட்டார்கள். கலைவிழாவுக்கு இந்தப் பிரதியைப் போட வேண்டுமாம். அக்கா சந்தோஷமாகச் சம்மதித்தார். அழைப்பிதழில் பெயர் போடுங்கள், ஒரு சின்னத் தொகை, 2,000 ரூபாய், கொடுங்கள் என்றார். எதிர்முனையில் பேசியவர் மரியாதையாகத்தான் கேட்டார்:

“மேடம், ஷேக்ஸ்பியர்தான் ஃப்ரீ ஆச்சே? அப்புறம் எதுக்குக் காசு?”

அக்கா ஸ்பீக்கரில் போட்டிருந்தார். மொட்டை மாடியில் எல்லாரும் கேட்டோம்.

சட்டப்படி பதில் எளிது. மூலம் பொது. மொழிபெயர்ப்பும் தழுவலும் செய்தவருக்குச் சொந்தம். இந்தியாவில் அவர் வாழ்நாளும் அதற்குப் பிறகு அறுபது வருடமும். ஹாம்லெட்டின் சாயலோடு வந்த ‘லயன் கிங்’கை யாரும் டிஸ்னியிடம் போய், ஷேக்ஸ்பியர்தான் ஃப்ரீ ஆச்சே, சும்மா கொடுங்க என்று கேட்பதில்லை. பெரிய கம்பெனியிடம் வராத சந்தேகம் பள்ளிக்கூட டீச்சரிடம் மட்டும் வருகிறது. தமிழில் மொழிபெயர்ப்பாளர் எல்லாருக்கும் பழகின சந்தேகம்தான்.

போனை வைத்த பிறகு எங்களுக்குள் சண்டை. குழுவில் சின்னப் பையன் ஒருவன் சொன்னான், “அக்கா, அவரு நம்மகிட்ட வாங்கல. நாமளும் வாங்கக் கூடாதுல்ல?” இன்னொருவன், “அடேய், மூவாயிரம் நட்டத்துக்கு ஆளுக்கு நானூத்திப் பத்து போட்டப்ப அக்காவும்தானே போட்டாங்க. எழுதுனதுக்கும் காசில்ல, கையக் கடிச்சதுக்கும் பங்கா?”

அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை. அந்தக் குடும்பம் கேட்ட தொகையை நியாயம் என்று சொன்ன நாங்கள், பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறவருக்கு என்ன கணக்கு என்று யோசிக்கவில்லை.

நான் உயிலைப் பற்றிச் சொன்னேன். நிலம் வாங்கின காசு எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “அப்ப அவரே ராயல்டில பொழைக்கல, பங்குல பொழைச்சிருக்காரு. எனக்கும் பங்கு குடுங்க” என்றார்.

“லாபம் வந்தாத்தானக்கா பங்கு?”

“லாபத்துல இல்ல தம்பி. வசூல்ல.”

அந்தக் கல்லூரி திரும்பக் கூப்பிடவில்லை. அங்கே வேறு ஏதோ நாடகம் போட்டதாகக் கேள்வி. அக்காவுக்கு அதில் வருத்தம்தான், பிள்ளைகள் நடித்துப் பார்க்க அவருக்கு ஆசை இருந்தது. காசு இல்லாமலே கொடுத்திருக்கலாமோ என்று இரண்டு தடவை கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. இலவசமாக ஓடியதால்தான் ஷேக்ஸ்பியர் நம்மிடம் வந்து சேர்ந்தார் என்று இவ்வளவு நேரம் எழுதிய எனக்கும் அதில் தெளிவான பதில் இல்லை. ஒன்று மட்டும் தெரியும். ஷேக்ஸ்பியருக்கு இப்போது காசு தேவையில்லை. ராத்திரி பதினொன்றரைக்குப் பேப்பர் கட்டை மூடிவைத்துவிட்டு அவரைத் தமிழ் பேச வைக்கிறவருக்குத் தேவை இருக்கிறது.

இந்த ஜூலையில் அதே மாக்பெத்தை மறுபடி போடுகிறோம். புது நோட்டு வாங்கியாகிவிட்டது. ராயல்டிக்கு இப்போது இரண்டு வரி. மூல ஆசிரியர்: 0. தமிழில் எழுதியவர்: வசூலில் நூற்றுக்குப் பத்து. துண்டு விழுந்தால் மீதி ஏழு பேர்.